23 நாள் படுக்கையும் ஒரு நாரி நோவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் விசுவமடுவில் வீட்டோடு தையல் வேலை செய்கிற ஒருத்தி. வயது 54. இதற்கு முன் எந்தப் பத்திரிகைக்கும் ஒரு வரி எழுதியதில்லை. உங்கள் பத்திரிகையில் நான் வழக்கமாகப் பார்ப்பது மரண அறிவித்தலும் இராசிபலனும்தான். இப்போது எழுதக் காரணம் எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீட்டில் படுத்திருக்கிற ஒரு பெண்.

பள்ளிக்கூடத்தால் பிள்ளையை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வரும்போது மதகடியில் விழுந்துவிட்டாள். பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை, இவளுக்கு நாரியில், கீழ் முதுகில், அடி. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது நடந்து இன்றோடு 19 நாள். இன்னும் கட்டிலை விட்டு இறங்க மாமியார் விடுகிறார் இல்லை. "நாரி ஒருக்கா விட்டுதெண்டால் பிறகு பிடிக்காது, அசையாமல் கிட" என்கிறார். சாப்பாடு, தேத்தண்ணீர் எல்லாம் கட்டிலுக்கே போகிறது. அன்பில்தான் செய்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. போன மாரியில் எனக்கும் இதே அன்பு கிடைத்தது. விழுந்த நோவை விட அந்த அன்பிலிருந்து எழும்பி வரத்தான் எனக்குக் கூடக் காலம் பிடித்தது.

நான் விழுந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. கார்த்திகை அடைமழை, கிணற்றடிச் சீமெந்தில் பாசி. மழை தொடங்கினால் கிணற்றடி சவர்க்காரம் பூசின மாதிரித்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு உரஞ்சலாம் என்று விடுவதும் எல்லாரும்தான். அன்றைக்குக் கரண்ட் இல்லை, மோட்டர் போட முடியவில்லை. வாளியால் அள்ளினேன். இரண்டாவது வாளியோடு திரும்பும்போது இடது கால் முன்னால் போய்விட்டது. வாளியை விட்டிருந்தால் கையை ஊன்றியிருக்கலாம். அள்ளின தண்ணீரை ஊற்ற மனம் வராமல், வாளியைப் பிடித்தபடியே தொப்பென்று இருந்தேன். வாளியில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்ததாக மகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த நேரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாரிக்குள் யாரோ கத்தரிக்கோலைத் திறந்து மூடினது போல ஒரு வெட்டு. மூச்சு நின்று, கொஞ்சத்தால் திரும்பி வந்தது. மகனும் பக்கத்து வீட்டு அண்ணையும் ஓடிவந்து இரண்டு கக்கத்திலும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். நல்ல காலம், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்படித் தூக்குவது பிழை என்று பிறகுதான் அறிந்தேன். விழுந்தவருக்குக் கால் அசைகிறதா, விறைக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். கால் அசையவில்லை, விறைப்பு இருக்கிறது, அல்லது உயரத்தில் இருந்து விழுந்திருக்கிறார் என்றால், கிடக்கிற இடத்திலேயே அசையாமல் வைத்துக்கொண்டு 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு எடுக்க வேண்டும். அந்த அம்புலன்ஸ் 2018 தொடக்கம் எங்கள் மாகாணத்திலும் ஓடுகிறது, காசும் வாங்குவதில்லை. எங்கள் பக்கத்தில் பனையில் இருந்து விழுகிறவர்கள் இருக்கிறார்கள், நெல்லு மூட்டை ஏற்றின ட்ரக்டர் பெட்டியில் இருந்து விழுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஓட்டோவில் மடக்கி ஏற்றிக்கொண்டு ஓடுவதை நானே இரண்டு தரம் பார்த்திருக்கிறேன்.

என்னை ஓட்டோவில்தான் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரிப் பெயர் இங்கே தேவையில்லை. படம் எடுத்தார்கள். ஒரு இளம் டொக்டர் அதை லைட் பெட்டியில் மாட்டி, என்னையும் கிட்ட வந்து பார்க்கச் சொன்னார். கீழ் நாரியின் ஐந்து எலும்பும் நூல்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி இருந்தன. ஒன்றும் நசியவில்லை, ஒன்றும் விலகவில்லை என்று பேனாவால் காட்டினார். பேனா கீழே வந்து இடது பக்கத்தில், இடுப்பெலும்புக்கு வெளியே, பளிச்சென்று இருந்த ஒரு வெள்ளைத் துணுக்கில் நின்றது. துணிக்குள் முறிந்து மாட்டுப்பட்ட ஊசி முனை போலத்தான் எனக்குத் தெரிந்தது.

"இது என்னம்மா?"

"அது 2009" என்றேன்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதற்கும் இன்றைய நோவுக்கும் சம்பந்தம் இல்லை என்றார். பிறகு ஒன்று சொன்னார், அதை வன்னியில் இருக்கிற எல்லாரும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதால் அப்படியே எழுதுகிறேன். எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உள்ளே யுத்தத்தில் பட்ட செல் துண்டு இருக்கிறது என்று முதல் ஆளாகச் சொல்லுங்கோ, அவர்கள் கேட்கும் வரைக்கும் பார்த்திருக்க வேண்டாம் என்றார். அந்த மெசின் ஒரு பெரிய காந்தமாம். இரும்புத் துண்டென்றால் அசையலாம், சூடாகலாம். எந்த இடத்தில் இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்த பிறகுதான் எடுக்கலாமா இல்லையா என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். என் வயதுக்காரரில் எத்தனை பேர் உடம்புக்குள் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு, அது இருப்பதையே மறந்து திரிகிறோம்.

அதற்குப் பிறகு எல்லாம் கெதியில் முடிந்தது. எனக்குப் பின்னால் வாங்கில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். குளிசைத் துண்டு எழுதினார். "ரெஸ்ட் எடுங்கோ அம்மா" என்றார். எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நாள் இரண்டு நாளைத்தான் நினைத்திருப்பார். ஆனால் அந்த ஒரு சொல் ஆஸ்பத்திரி வாசலால் வெளிக்கிட்டு விசுவமடுவுக்கு வந்து சேருவதற்குள் ஒரு மண்டலமாக வளர்ந்துவிட்டது.

அக்கா சொன்னார் 40 நாள். அயலில் ஒரு ஆச்சி, பிள்ளைப்பெறு மாதிரி 41 என்றார். கட்டிலில் கிடந்தால் மெத்தை நாரியை வளைக்கும், தரைதான் நல்லது என்று ஒருவர். அதனால் பாயில் படுத்தேன். பாயில் இருந்து எழும்புவது கட்டிலில் இருந்து எழும்புவதை விட நாலு மடங்கு பாடு என்று சொன்னவருக்குத் தெரியாது, அவர் எழும்பவில்லையே. கிளிநொச்சியில் இருந்து தம்பி ஒரு பெல்ட் வாங்கி வந்தார், 3,500 ரூபாய். சூட்கேஸ் மாதிரி மூன்று கொளுக்கி. பரியாரியார் வந்து எண்ணெய் போட்டார். நொச்சி இலை வறுத்து மகள் ஒத்தணம் பிடித்தாள். எண்ணெயையும் ஒத்தணத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். சூடு பட்டால் இறுகின தசை இளகும், அந்த ஒரு மணித்தியாலம் சொர்க்கமாக இருக்கும். ஆனால் ஒத்தணம் ஆறினதும் நான் அதே பாயில் அதே மாதிரித்தான் கிடந்தேன்.

மலசலகூடத்துக் கதையைப் பத்திரிகையில் எழுதுவதா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும், இதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. எங்களுடையது குந்துகிற மலசலகூடம். நாரி பிடித்தவருக்குக் குந்தவும் முடியாது, குந்தினால் எழும்பவும் முடியாது. மகன் ஒரு பழைய பிளாஸ்ரிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி எடுத்து, விளிம்பை வெட்டின துணியால் சுற்றிக் கட்டி, குழிக்கு மேலே வைத்துத் தந்தான். வன்னியில் பல வீட்டில் இந்தக் கதிரை இருக்கிறது, வெளியே காட்டுவதில்லை. தேவைப்படுகிறவர்கள் வெட்கப்படாமல் செய்துகொள்ளுங்கள். படுத்தே கிடந்ததால் வயிறும் இறுகிவிட்டது. முக்கினால் நாரி வெட்டும், நாரி வெட்டும் என்ற பயத்தில் போகாமல் விட்டால் இன்னும் இறுகும். தும்முவதென்றாலும் முதலில் சுவரைப் பிடித்துக்கொள்வேன்.

குளிசை முடிந்ததும் மகனை விட்டு வெளியே டைக்ளோபினாக் என்ற நோக்குளிசை வாங்கினேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சில நாள் மத்தியானத்திலும் ஒன்று. எனக்குப் பிறஷர் இருக்கிறது. அந்தக் குளிசை பிறஷரை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும், கன நாள் போட்டால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அது எனக்குத் தெரியாது. வவுனியாப் பக்கத்தில் விவசாயிகளுக்கு வருகிற கிட்னி வருத்தத்தைப் பற்றி எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். அப்படிப்பட்ட பகுதியில் இருந்துகொண்டு, துண்டு இல்லாமல் நோக்குளிசையை இனிப்பு மாதிரி வாங்கிப் போட்டிருக்கிறேன். பனடோல் கூட 500 மில்லிகிராம் குளிசை என்றால் வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்தில் எட்டைத் தாண்டக்கூடாது.

இந்த நேரம் பார்த்து வேலை குவிந்து கிடந்தது. மார்கழி எனக்கு வருமானம் வருகிற மாதம். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற சீருடைத் துணியைத் தாய்மார் கொண்டுவந்து தருவார்கள். 14 சேட்டு, 9 வெள்ளைச் சட்டை வெட்டாமல் அலுமாரிக்குப் பக்கத்தில் பையோடு இருந்தன. பாயில் படுத்தபடி பார்த்தால் அந்தப் பைகள்தான் கண்ணுக்கு நேரே. ஒவ்வொரு தாயாக வந்து, "பரவாயில்லை அக்கா, நீங்கள் சுகமாகுங்கோ" என்று சொல்லித் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். கோபமில்லை, பிள்ளைகள் எதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவது? ஏழாவது பை போன அன்றைக்கு நான் அழுதேன்.

23ஆம் நாள் என்னை எழுப்பியது சுகமும் இல்லை, துணிவும் இல்லை. பிறஷர் கிளினிக். அன்றைக்குப் போகாவிட்டால் மாதக் குளிசை இல்லை. பெல்ட்டைக் கட்டி, மகளின் தோளைப் பிடித்து, இரண்டு பஸ் மாறிப் போனேன். எழும்பி நின்றபோது தலை சுற்றியது. தொடை இரண்டும் மெலிந்து, பழைய பாவாடை நாடாவை இரண்டு விரல்கடை கூட இழுத்துக் கட்டவேண்டி இருந்தது. கிளினிக்கில் பிறஷர் எகிறிக் காட்டியது. டொக்டர் டைக்ளோபினாக் கதையைக் கேட்டு ஏசினார். நல்ல ஏச்சு, தேவையான ஏச்சு. பிறகு, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் போவதைப் பார்த்துவிட்டு, திரும்பக் கூப்பிட்டு பிசியோதெரபி அறைக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். அவர் தலையை நிமிர்த்திப் பார்த்திராவிட்டால் நான் இன்றைக்கும் பாயில்தான்.

பிசியோதெரபி அறையில் இருந்தது என் மகன் வயதுப் பிள்ளை. முதலில் அவர் நாரியைத் தொடவே இல்லை, கேள்விதான் கேட்டார். இரண்டு தொடைக்கும் நடுவில், சைக்கிள் சீற் படுகிற இடத்தில், விறைப்பு இருக்கிறதா? சலம் போவது தெரிகிறதா, தெரியாமல் போகிறதா, அடைக்கிறதா? பாதம் நிலத்தில் இழுபடுகிறதா? இரவில் காய்ச்சல் வருகிறதா, காரணமில்லாமல் மெலிந்தேனா? இதில் ஒன்றுக்கு ஓம் என்றாலும் தன் அறையில் வேலையில்லை, உடனே டொக்டரிடம் அனுப்பவேண்டும் என்றார். முதல் மூன்றும் நரம்பு நசிகிறதற்கு அடையாளமாம், அதற்கு அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போகவேண்டும். எனக்கு எல்லாவற்றுக்கும் இல்லை. ஏன் மெலிந்தேன் என்பதற்குத்தான் காரணம் இருந்ததே.

பிறகு, "அம்மா, எதுக்குப் பயப்பிடுறீங்கள்?" என்று கேட்டார்.

"அசைஞ்சால் உள்ளுக்கை உடைஞ்சிடும் எண்டு" என்றேன்.

"படத்திலை ஒண்டும் உடையேல்லை. நோகுது எண்டால் உடையுது எண்டு அர்த்தமில்லை அம்மா. அடிபட்ட தசை இறுகிப் பிடிச்சிருக்குது. நீங்கள் படுத்திருக்கப் படுத்திருக்க அது இன்னும் இறுகும், கால் இன்னும் மெலியும். விழுந்ததாலை வந்த நோ இப்ப பாதிதான், மிச்சம் படுத்ததாலை வந்தது."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. 23 நாள் பத்தியம் காத்தவளிடம் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் வராது? ஆனால் அவர் அடுத்ததாக எழும்பிக் காட்டச் சொன்னார். நான் வழக்கம்போல மல்லாந்து கிடந்து, தலையைத் தூக்கி, வயிற்றை எக்கி, முகத்தைச் சுளித்து எழும்பினேன். அவர் தானே அந்த மேசையில் ஏறிப் படுத்துக் காட்டினார். முழங்காலை மடி. முழு உடம்பையும், சுருட்டின பாயை உருட்டுவது போல, முறுக்காமல் ஒரே தரத்தில் பக்கமாக உருட்டு. காலைக் கீழே விடு. கால் இறங்கும்போதே கையை ஊன்று. நான் செய்தேன். எழும்பி இருந்துவிட்டேன், வெட்டவில்லை. மகளைப் பார்த்தேன், அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். 23 நாளாக நான் எழும்பும் ஒவ்வொரு தரமும் ஊருக்குக் கேட்கக் கத்தினேன், இதைச் சொல்லித்தர மூன்று நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

தந்த வேலையும் சின்ன வேலைதான். விழித்திருக்கிற நேரம் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எழும்பி படலை வரைக்கும் போய்வருவது. மூன்று நாளைக்குப் பிறகு ஒழுங்கை முனை வரைக்கும். படுத்தபடி முழங்காலை மடித்து நாரியைப் பாயோடு அமத்தி விடுவது பத்துத் தரம், குண்டியை மெல்லத் தூக்கி இறக்குவது பத்துத் தரம். பக்கமாகப் படுத்தால் முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணை. பாயை விட்டுக் கட்டிலுக்குப் போகச் சொன்னார். உளைவு இருக்கும், அது பரவாயில்லை, ஆனால் நோ முழங்காலுக்குக் கீழே மின்சாரம் மாதிரி ஓடினால் நிறுத்து, விறைத்தால் வா. பெல்ட்டைப் பற்றிக் கேட்டேன். பஸ்ஸில் வரும்போது வேண்டுமென்றால் கட்டுங்கள், வீட்டில் கழற்றிவிடுங்கள், நாரித் தசை செய்யவேண்டிய வேலையை மூன்று கொளுக்கி செய்துகொண்டிருந்தால் தசை எப்போது பழகும் என்றார். 3,500 ரூபாய் பெல்ட் இப்போது மிளகாய்ச் சாக்குக் கட்ட உதவுகிறது, தம்பிக்குச் சொல்லிவிடாதீர்கள்.

இதெல்லாம் அந்தப் பிள்ளை தன் பாட்டில் சொன்னதும் இல்லை. மகள் இரவில் போனில் தேடி வாசித்துக் காட்டினாள். உலகத்தில் 2020இல் மட்டும் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு நாரி நோ இருந்ததாம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற நாரி நோவுக்கு ஒரு வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது. உடற்பயிற்சியும் நோயாளிக்கு விளங்கப்படுத்துவதும் அதில் இருக்கின்றன. பெல்ட் கட்டுவதையும் இழுவை போடுவதையும் வழக்கமாகச் செய்யவேண்டாம் என்ற பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். 61 கோடி பேரோடு சேர்ந்து கிடக்கிறேன் என்று நினைக்க ஒரு விதத்தில் ஆறுதலாகத்தான் இருந்தது.

படிப்படியாகச் சுகம் வந்தது என்று எழுதினால் பொய். முதல் கிழமை நன்றாக இருந்தது. இரண்டாம் கிழமை ஒழுங்கை முனையும் தாண்டி சங்கக்கடை வரைக்கும் போனேன். தைப்பொங்கல் அன்று, சுகம் வந்துவிட்ட பெருமையில், பானையைக் குனிந்து நானே இறக்கினேன். அவ்வளவுதான். கத்தரிக்கோல் திரும்ப ஒருக்கால் திறந்து மூடியது. பொங்கலை நின்றபடியே சாப்பிட்டேன். அக்கா, "நான் சொன்னேனே, 40 நாள் முடியவில்லை" என்றார். எனக்கும் எல்லாம் போய்விட்டது என்றுதான் பட்டது. இரண்டு நாள் வேலையைக் குறைத்து, படலை வரைக்கும் மட்டும் நடந்தேன். மூன்றாம் நாள் விட்ட இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த தரம் போனபோது பிசியோதெரபிப் பிள்ளை, இப்படி ஒன்று இரண்டு தரம் வரும், அதற்காக முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை என்றார். பானையை எப்படி இறக்குவது என்று ஒரு வெறும் வாளியை வைத்துக் காட்டினார்: கிட்டப் போ, காலை அகட்டு, முழங்காலை மடி, சாமானை வயிற்றோடு அணை, திரும்புவதென்றால் காலை மாற்றித் திரும்பு, நாரியை முறுக்காதே. வாளியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

என் வேலையை எப்படிச் செய்கிறேன் என்றும் கேட்டார். இதுதான் எனக்குப் பெரிய உதவி. முப்பது வருடமாக நான் துணி வெட்டுவது நிலத்தில். பாயை விரித்து, குந்தி, குனிந்து, கையை நீட்டி வெட்டுவேன். அதிலிருந்து எழும்பி அப்படியே மெசினில் இருந்து மூன்று மணித்தியாலம் மிதிப்பேன். கிணற்றடியில் விழாமல் இருந்திருந்தாலும் இந்த நாரி ஒரு நாள் கணக்குக் கேட்டிருக்கும். இப்போது, வீட்டுத்திட்டம் வருவதற்கு முன் இருந்த கொட்டிலின் கதவுப் பலகை சும்மா கிடந்ததை எடுத்து, இரண்டு பக்கமும் சீமெந்துக் கல் அடுக்கி, என் இடுப்பு உயரத்துக்கு வெட்டு மேசை போட்டிருக்கிறேன். நின்று வெட்டுகிறேன். கதவின் பழைய நாதாங்கித் துளையில் கத்தரிக்கோலைச் செருகி வைக்க நல்ல வசதி. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் மெசினை விட்டு எழும்புவதற்கு, நூல்பெட்டியை வேண்டுமென்றே அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன்.

எல்லா விழுகையும் என்னுடையதைப் போல இல்லை என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் கடிதத்தை வாசித்துவிட்டு யாராவது எலும்பு நசிந்த கிழவியை நடக்கவிட்டுவிடுவார்கள். என் மாமி விழவே இல்லை. பலகைக்கட்டையில் கொஞ்சம் பலமாக இருந்தார், அவ்வளவுதான். நடு முதுகில் நோ வந்தது. வயதுக்கு வருகிற நோ என்று ஆறு கிழமை எண்ணெய் பூசினோம். கடைசியில் படம் எடுத்தால் இரண்டு எலும்பு நசிந்திருந்தது, எலும்பு தேய்ந்து பஞ்சாகிப் போயிருந்ததாம். அதற்கு முந்தின இரண்டு வருடத்தில் அவருடைய சோட்டி நிலத்தில் இழுபடுகிறது என்று நானே இரண்டு தரம் கரை மடித்துத் தைத்திருக்கிறேன். சோட்டி நீளவில்லை, மாமிதான் குறைந்துகொண்டு வந்திருக்கிறார். அளவெடுக்கிற தொழில் செய்கிற எனக்கே அது விளங்கவில்லை. மாதவிலக்கு நின்ற பெண்கள், வயதானவர்கள், தொய்வு வருத்தத்துக்கு கன காலம் ஸ்ரீரொயிட் குளிசை போட்டவர்கள், இவர்கள் சின்னதாக விழுந்தாலும் படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். எலும்பு நசிந்திருந்தால் அது ஒட்ட இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், எவ்வளவு அசையலாம் என்பதை டொக்டர்தான் சொல்லவேண்டும். மாமியைக்கூட அவர்கள் மாதக்கணக்கில் படுக்க வைக்கவில்லை, அது வேறு கதை.

இன்னொன்று. முள்ளந்தண்டு வடத்தில் செல் பட்டு, 2009 தொடக்கம் சக்கர நாற்காலியில் இருக்கிறவர்கள் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். ஒருவருக்கு நான் காற்சட்டை தைத்துக் கொடுக்கிறேன், இருக்கிற இடத்தில் மடிப்பு அமத்தாமல், பின்பக்கப் பொக்கற் வைக்காமல். படுக்கைப்புண் வராமல் இருக்க அவர் இரவில் அலாரம் வைத்து எழும்பித் திரும்பிப் படுக்கிறார். என் நாரிக் கதையை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னபோது, "நடக்கக்கூடிய நீங்கள் ஏன் அக்கா படுத்திருந்தீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இரண்டு விடயம். படம் எடுத்து எலும்பில் ஒன்றுமில்லை என்று அனுப்புகிறவரின் கையில் மருந்துத் துண்டோடு இன்னொரு தமிழ்க் கடதாசி கொடுத்துவிடச் சொல்லி, உங்கள் பத்திரிகை மூலம் சுகாதாரப் பகுதியினருக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஒரு பக்கம் போதும். எத்தனை நாள் ரெஸ்ட், எப்படி எழும்புவது, எவ்வளவு நடப்பது, என்ன நடந்தால் உடனே ஓடிவருவது. படம் கீறிப் போட்டால் இன்னும் நல்லது, எங்கள் ஆச்சிமாருக்குக் கண்ணாடி எப்போதும் தேடுகிற சாமான். மற்றது, கிழமையில் ஒரு நாளாவது பிசியோதெரபிக்காரர் ஒருவர் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு வந்து போகட்டும். நாரி நோவுக்காரரை நாரி நோவுக்காக இரண்டு பஸ் மாற வைப்பது சரியில்லை. எங்கள் பக்கத்துப் பஸ்ஸில் கடைசி சீற்றில் ஒருக்கால் இருந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கிணற்றடியை இந்த முறை மழைக்கு முன்னமே பிளீச்சிங் போட்டுத் தும்புக்கட்டையால் உரஞ்சியாயிற்று. மகன் சீமெந்தில் விளக்குமாற்று ஈர்க்கால் கோடு கீறி, சறுக்காமல் சொரசொரப்பாகப் பூசித் தந்திருக்கிறான். நான் அள்ளுவது அரை வாளிதான்.

மூன்றாவது வீட்டுப் பெண்ணிடம் நேற்றுப் பின்னேரம் போனேன். தொடைக்கு நடுவில் விறைப்பு இல்லை, சலம் ஒழுங்காகப் போகிறது, கால் இரண்டும் அசைகிறது. எல்லாம் கேட்டுவிட்டேன். மாமியார் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போன நேரத்தில் உருண்டு எழும்பக் காட்டிக் கொடுத்தேன். எழும்பி இருந்துவிட்டாள். நாளைக்குக் காலையில் அவளைப் படலை வரைக்கும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
விசுவமடு.